மதகுக்கல்லைச் சுரண்டியவன்

தேவசகாயம் ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் அப்பா காலம்வரை அந்த வீட்டு ஆண்கள்தான் எங்கள் ஏரிக்கு நீர்க்கட்டிகள். மதகைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்து விட்டவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலமும் அவர்களுக்கு இருந்ததில்லை. சவாரி இல்லாத நேரத்தில் தேவசகாயம் சுற்றுவட்டாரத்துப் பழைய மதகுகளைத் தேடிப் போவான். பக்கத்தில் மர ஸ்கேலை நிறுத்தி வைத்துப் படம் எடுப்பான். ஸ்கேல் இல்லாத படம் அவனுக்குப் படமே இல்லை. பல ஊர்களில் அவன் போவதற்குள் மதகை உடைத்திருந்தார்கள்.

எங்கள் ஏரி மதகு முழுசாக நின்றது. இரண்டு கல்தூண், மேலே ஒரு குறுக்குக்கல். கரைமேல் ரோடு போட மறுநாள் பொக்லைன் வந்து அதைப் பிடுங்குவதாக இருந்தது. கல்லில் எழுத்து தெரிகிற மாதிரி படம் அனுப்பினால் வேலையை நிறுத்தச் சொல்வதாக தொல்லியல் துறை அதிகாரி ஒருவர் அவனிடம் சொல்லியிருந்தார்.

எழுத்து இருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. எழுத்துள்ள அந்த ஒரு தூணை ஊர் மதகாத்தா என்று கும்பிடுகிறது. எண்ணெயும் மஞ்சளும் விரல் தடிமனுக்கு ஏறியிருந்தன. பிடுங்கியதும் ஆத்தாளைக் கரைக்குக் கீழே நட்டுவிடுவதாக ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆத்தாளைக் கழுவுவது வருஷத்தில் ஒரு நாள், பொங்கல் வைப்பதற்கு முன். பெண்கள் வெந்நீரும் சீயக்காயும் போட்டுக் கழுவுவார்கள். நீர்க்கட்டி மகனுக்கு இது தெரியாததல்ல. அவசரத்தில் கம்பி பிரஷ்ஷை எடுத்துவிட்டான்.

"ஆத்தா மூஞ்சிய சொரண்டுறான்டா, காலனிக்காரன்!"

ரோடு காண்ட்ராக்ட் எடுத்திருந்த தணிகாசலம் கத்திக்கொண்டே மண்வெட்டிக் காம்போடு ஓடி வந்தான். முதல் அடி வலது மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. விழுந்தவனை நாலு பேர் மிதித்தார்கள். ஒருவன் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தூணில் மோதினான். போனைக் கல்லில் வைத்து நசுக்கினார்கள்.

"செத்தா ஜெயிலுக்கு யாருடா போறது? தள்ளு" என்று உள்ளே நுழைந்தேன். முறிந்த கைக்கு அவனுடைய ஸ்கேலையே வைத்து, ஈரத்துண்டால் கட்டினேன். அவன் மனைவி கிரேஸ் வந்து, வேறொரு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"அவன் தொட்டது தீட்டு. கழுவுங்க" என்று தணிகாசலம் பெண்களை அழைத்தான். அண்டாவில் வெந்நீர் வந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். மஞ்சள் கூழாக ஓடியது. அதோடு அவன் ரத்தமும். கல்லில் எழுத்து வரிவரியாக மேலே வந்தது. என் போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

தணிகாசலம் என் கையைப் பிடித்து முறுக்கினான். "இன்னா செல்லியம்மா, நீயும் அவங்கூட சேந்துக்கினியா? போனைக் குடு!"

"நல்லா முறுக்கு. உங்கம்மா முதுகுப் புண்ணுல புழு எடுத்த கை இது. நாளைக்கு கட்டு மாத்தணும். நீ மாத்துறியா?"

பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அவன் கையை விட்டான். அண்டாவை எட்டி உதைத்துவிட்டுப் போனான்.

கிரேஸிடம் நம்பர் கேட்டு வாங்கிப் படத்தை அதிகாரிக்கு அனுப்பினேன். பொக்லைன் வராது என்று சாயங்காலம் பதில் வந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவுக்கு வரிசையில் இருந்த தேவசகாயத்திடம் போனை நீட்டினேன். திறக்க முடிந்த ஒரு கண்ணால் வெகுநேரம் பார்த்தான்.

"இன்னாக்கா, ஸ்கேல் வைக்காம எடுத்துக்கினு வந்துருக்க?"

"உன் கையில கட்டியிருக்குதுபா. ஆட்டாம உக்காரு."