கழற்றி வைத்த காப்பு

1. அறை

முகாமில் அத்தனை பேர் பார்க்க, செல்வி என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். வாய்க்கு வாய் மாறி அது வேறு கதையாகிவிட்டது. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

காதும் கண்ணும் சேர்ந்தே இல்லாதவர்களுக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர் நான். ஊர் கள்ளக்குறிச்சி, கருணாபுரம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள். டிப்ளமோ வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

செல்விக்கு அப்போது பதினேழு வயது. கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலைப்பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் அவள் வீடு. பிறவியிலேயே காது கேட்காது. கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். அவளிடம் பேச ஒரே வழி தொடுசைகை. நம் கையை அவள் கைக்குக் கீழே வைத்துச் சைகை செய்ய வேண்டும். அவள் அதைத் தடவிப் புரிந்துகொள்வாள். மேலே பிடித்து இழுக்கக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் கையை எடுத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு இருக்க வேண்டும்.

சைகைக்கு முன்னால் பொருள். சாப்பாடு என்றால் கரண்டி. வெளியூர்ப் பயணம் என்றால் பழைய பஸ் சீட்டின் ரெக்சின் துண்டு. ஆட்களுக்கும் அடையாளம் உண்டு. அப்பா என்றால் தோள் துண்டு. நான் என்றால் இடது கையில் போட்டிருக்கும் எவர்சில்வர் காப்பு. கடையில் விற்கிற எல்லாக் காப்பும் ஒன்றுபோல இருக்குமே என்று, சைக்கிள் கடையில் அரம் வாங்கி அதில் மூன்று வெட்டு போட்டேன். போனதும் அவள் அந்த மூன்று வெட்டுகளையும் விரலால் எண்ணுவாள். பிறகுதான் மற்றப் பேச்சு. இரண்டு வருடத்தில் நாற்பது சைகைக்கு மேல் கற்றுக்கொண்டாள். அடுப்பு பற்ற வைப்பாள், மரவள்ளிக் கிழங்கு சீவுவாள், என்னிடம் கோபித்துக்கொள்ளவும் செய்வாள்.

கள்ளக்குறிச்சியில் நடந்த அந்த மாற்றுத்திறனாளிகள் முகாமில்தான் அவளுக்கு அடையாள அட்டைக்கான சான்று வாங்க வேண்டும். அட்டையில் டாக்டர் எந்தக் குறைபாட்டை எழுதுகிறாரோ அதை வைத்துத்தான் மேற்கொண்டு எல்லாம். காதுகேளாத பார்வையற்றவர் என்று வந்தால் வீட்டுப் பயிற்சி தொடரும், அடுத்தது பிரெய்ல். மூளை வளர்ச்சி குன்றியவர் என்று வந்தால் பயிற்சி நின்றுவிடும். பகல் காப்பகம் ஒன்றில் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். அவ்வளவுதான்.

பெரிய டாக்டர் வருகிறார், நாமும் ஆபீசர் மாதிரி போகலாம் என்று நினைத்தேன். கஞ்சி போட்ட காட்டன் புடவை, புது வாட்ச். காப்பைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

செல்வியும் அவள் அப்பா கோவிந்தனும் நேராக மலையிலிருந்து வந்திருந்தார்கள். டோக்கன் கூப்பிட்ட நேரத்தில்தான் அவர்கள் பக்கத்தில் போனேன். என் மணிக்கட்டைத் தடவினாள். வாட்ச். உதறினாள். டாக்டர் காத்திருக்கிறாரே என்ற அவசரத்தில், எந்த வேலையைச் செய்யக் கூடாது என்று அத்தனை பேருக்கும் பாடம் நடத்துகிறேனோ அதையே செய்தேன். அவள் கையை மேலே பிடித்து இழுத்தேன்.

அறை விழுந்தது.

2. மேஜைக்கு முன்னால்

டாக்டர் தலையைக்கூட முழுதாக நிமிர்த்தவில்லை.

"இது காது, கண்ணு பிரச்சனை இல்லம்மா. மூளை வளர்ச்சியே இல்ல. நெக்ஸ்ட்."

"சார், தப்பு என்னுது. நான் யாருன்னு அவளுக்குத் தெரியல."

"ரெண்டு வருஷமா சொல்லிக் குடுக்கறியாம், உன்னையே அதுக்குத் தெரியல. வேற இன்னா பாக்கணும்?"

சொல்லிக்கொண்டே எழுதினார்.

கோவிந்தன் என் பின்னால் வந்து நின்றார். "வுடும்மா. எதனா ஒண்ணு எழுதிக் குடுத்தா சரி. ரெண்டு மணி பஸ்ஸ வுட்டுட்டா நாங்க வூடு போய்ச் சேர முடியாது."

"எதனா ஒண்ணு இல்லண்ணா. அதுல இன்னா எழுதறாங்களோ, இனிமே ஊரு உலகத்துக்கு அவ அதான்."

"வெளிய போயி பேசுங்க," என்றார் டாக்டர். "படிச்ச பொண்ணு மாரி நடந்துக்கோ."

"படிச்சதாலதான் சார் நிக்கறேன். எங்கம்மாவா இருந்தா கும்பிட்டுட்டு போயிருப்பாங்க. முகாம் ஒரு மணி வரைக்கும் இருக்குன்னு போர்டுல போட்டிருக்கு. அதுக்குள்ள வரேன். அந்தத் தாள்ல சீல் வெக்காதீங்க."

பதிலுக்கு நிற்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கருணாபுரத்துக்கு ஓடினேன்.

அம்மாவுக்கு அன்று சித்தாள் வேலை இல்லை. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, ஆபீசரு இப்படி ஓடியார்றாங்க?"

"காப்பு எங்கம்மா?"

"காலையில நீதான கழட்டி வெச்ச? சித்தாளு கை மாரி கீதுன்னு."

சோப்பு நுரையோடு தன் கையை நீட்டினாள். காப்பு அவள் மணிக்கட்டில் இருந்தது.

"எனக்கு நல்லாத்தான் கீது," என்று சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாட்சைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

3. மூடி

செல்வி அப்பாவின் துண்டைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். இந்த முறை அவசரப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கைக்குக் கீழே என் கையைக் கொண்டுபோய் வைத்தேன். விரல் காப்பில் பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. என் கன்னத்தைத் தேடித் தடவினாள். பிறகு நெஞ்சில் ஒரு குத்துக் குத்திவிட்டு, 'எங்கே போனாய்?' என்று என் கையில் கேட்டாள். அந்தக் குத்து எனக்கு வேண்டியதுதான்.

மேஜைக்கு அழைத்துப் போனேன்.

"சார், நீங்க எதனா கேளுங்க. அவ பதில் சொல்லுவா."

"அது சொல்லுதா, நீயா சொல்லிக்கினு இருக்கியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. "நான் சுவரைப் பாத்துத் திரும்பிக்கறேன். நீங்க எதனா ஒரு பொருள் அவகிட்ட குடுங்க. வாங்கி மறைச்சு வெச்சுடுங்க. அப்புறம் என்னைக் கூப்புடுங்க."

சுவரில் போலியோ போஸ்டர் ஒட்டியிருந்தது. அதில் உள்ள எழுத்தையெல்லாம் இரண்டு முறை படித்து முடித்த பிறகு மேஜைப் பக்கம் நின்ற நர்ஸ் கூப்பிட்டார். செல்வியின் கைக்குக் கீழே கை வைத்தேன். எழுதுவதுபோல விரலை ஓட்டினாள். பிறகு நுனியை மூடுவதுபோலக் காட்டினாள். அப்புறம் தன் விரலைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்தாள். அதையே மறுபடியும் செய்தாள்.

"பேனா சார். மூடி..." சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "மூடியைக் கடிச்சு வெச்சிருக்காங்களாம்."

நர்ஸ் வாயைப் பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. டாக்டர் டிராயரைத் திறந்து பேனாவை எடுத்தார். மூடி பல் பல்லாகப் பள்ளம் விழுந்து கிடந்தது.

செல்வி முடிக்கவில்லை. என் கையைப் பிடித்து, 'யார்?' என்றாள். தன் புஜத்தில் கிள்ளிக் காட்டினாள்.

"இன்னா கேக்குது?" என்றார் டாக்டர்.

"ஊசி போடுவீங்களான்னு."

அவர் தலையை முழுதாக நிமிர்த்தி அவளைப் பார்த்தார். "இல்லன்னு சொல்லும்மா. அந்தப் பொண்ணுகிட்ட ஊசி இல்லன்னு சொல்லு."

சொன்னேன். செல்வியின் தோள் இறங்கியது.

"எழுதினத அடிச்சா மேல கேள்வி வருமே," என்றார்.

"புதுப் படிவம் கொண்டாந்திருக்கேன் சார்." பையிலிருந்து எடுத்து நீட்டினேன். முகாமுக்கு வெற்றுப் படிவம் இரண்டு கையோடு வைத்திருங்கள், தங்கைகளே. அதில் எனக்கு அன்றைக்கும் தவறு நேரவில்லை. டாக்டர் அதில் காதுகேளாத பார்வையற்றவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கம்ப்யூட்டரில் பதிவு செய்தவர் மட்டும் விடவில்லை. "அப்படி ஒரு பேரே இதுல இல்ல மேடம்."

"கீழ எறக்குங்கண்ணா. பல்வகைக் குறைபாடுன்னு இருக்கும், அதைத் தொறங்க. சட்டத்துல இருக்கறது உங்க கம்ப்யூட்டர்லயும் இருக்கும்."

இருந்தது.

கோவிந்தனும் செல்வியும் ரெண்டு மணி பஸ்ஸைப் பிடித்தார்கள். ஏற்றிவிடும்போது அவள் என் கையில் ஒரு கேள்வி கேட்டாள். எழுதுவதுபோல விரலை ஓட்டி, விரலைப் பல்லில் கடித்து, 'நாளை வீட்டுக்கு வருவாரா?' என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. டாக்டர். அவளுக்கு ஒரு பெயர் எழுத உட்கார்ந்தவருக்கு, அவள் ஒரு பெயர் வைத்துவிட்டாள்.

மனிதருக்குப் பெயர் வைக்கத் தெரிந்தவளுக்கு மூளை இல்லை என்று இனி யார் எழுதினாலும், நான் சீல் வைக்க விடமாட்டேன். நீங்களும் விடாதீர்கள். வாட்ச் அம்மாவிடம்தான் இருக்கிறது, வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிறாள். காப்பு என் கையில் இருக்கிறது.

டாக்டர் இன்றும் முகாமுக்கு வருகிறார். எங்கள் இருவர் மொழியில் அவர் பெயர் மாறவில்லை.