வலைக்கு நடிக்கத் தெரியாது

பிள்ளைகளே, மன்னாரில் இருந்து அகதியாக வந்து பழவேற்காட்டு ஏரிப் பக்கம் பிழைக்கப் போன புதிதில் எனக்கு ஒரு காட்சி விளங்கவே இல்லை. தோணிரேவு என்ற ஊரின் கரையில் ஏழெட்டுப் பேர் வலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மீன் துள்ளுகிறது. காற்றும் அடங்கித்தான் இருந்தது. "ஏன் அண்ணே, இன்னும் இறங்கேல்ல?" என்று கேட்டேன். "இன்னிக்கு எங்க பாடு இல்லப்பா" என்றார் ஒருவர். ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்களை இவர்கள் முறை வைத்துப் பங்கிட்டிருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு. முறை இல்லாதவர், மீன் காலைக் கடித்தாலும் வலையை நனைக்க மாட்டார். என் அப்பா போன ஆழக்கடலில் முந்திப் போனவருக்குத்தான் இடம். இங்கே அப்பன் பெயர் பட்டியலில் இருந்தால்தான் பிள்ளைக்கு முறை வரும். வந்தேறியான எனக்கு அது வராது. அதனால் ஐஸ் உடைத்தேன், கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்தேன், இந்தப் பக்கத்திலேயே கல்யாணமும் கட்டினேன்.

உங்கள் கதிர் சித்தப்பா, அதாவது என் தம்பி, முகாமில்தான் வளர்ந்தவன். எங்கள் முகாம் பையன்கள் நிறையப் பேரைப் போல அவனும் பெயின்ட் அடிக்கப் போனான். சென்னையில் ஒரு சினிமாவுக்குத் தெர்மோகோல் கோட்டைக்குக் கருங்கல் நிறம் பூசிக்கொண்டிருந்தபோது, செத்துக் கிடக்க ஆள் குறைகிறது என்று அவனைக் கூப்பிட்டார்கள். முகத்தில் ஈ உட்கார்ந்தும் அசையவில்லையாம். அடுத்த படத்தில் உயிரோடு இருக்க விட்டார்கள். ஆனால் அதிலும் அதற்குப் பிறகும் அவனுக்கு ஒரே வேடம்தான்: படகில் வந்து இறங்கி அழுகிற அகதி. "அண்ணா, எனக்கு நல்லா அழ வருது எண்டு சொல்லிச் சொல்லியே கூப்பிடுறாங்கள். ஒருக்காவது ஓர் ஊர்க்காரனா நிக்கோணும்" என்பான்.

பிறகு அந்த வேடமும் வந்தது. டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காட்டைப் பற்றிய படம். மன்னாரில் நாங்கள் ஒல்லாந்தர் என்று சொல்லும் அதே ஆட்கள்தான். அங்கே அவர்கள் இருந்த கோட்டைச் சுவரில் ஏறி விளையாடியிருக்கிறேன். இங்கே அவர்களுடைய கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். எங்கே போனாலும் எனக்கு முன்னாடியே வந்து போயிருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம். கதைப்படி கதிர் இந்த ஊர் மீனவன். அவனை அடிமையாகப் பிடித்துக் கப்பலில் ஏற்றுவார்கள். அதற்கு முன்னால், தன் ஏரியில் சந்தோஷமாக வலை இழுக்கும் காட்சிதான் முதலில். "அதுல உடம்பு மீனவன் மாதிரி இல்லனா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று இயக்குநர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த வேற ஆளும் குடைக்குக் கீழே எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இடம் காட்டியது நான். தப்பும் அங்கேதான். நடிப்புக்குப் பாடு எதற்கு என்று நினைத்து, பார்க்க நன்றாயிருக்கும் இடமாகக் காட்டிவிட்டேன். கதிர் படகில் ஏறி வலையைத் தூக்கியதும் கரையில் இருந்து சத்தம். அன்றைக்கு அந்த இடத்தில் பாடு உள்ள நாகப்பன் இடுப்பளவு தண்ணீரில் வந்துகொண்டிருந்தார்.

"யோவ், இன்னா இது? இன்னிக்கு யார் பாடுனு தெரியும்ல உனக்கு?" என்று என்னைத்தான் கேட்டார்.

"அண்ணே, சும்மா நடிப்புதான்" என்றார் இயக்குநர்.

"நீ நடிப்பே, அவன் நடிப்பான். வல நடிக்குமா? உள்ள விழற மீனு நடிக்குமா?"

கரையில் சிரிப்பு. "டச்சுக்காரனே நம்ம பாடு மேல கை வெச்சிருக்க மாட்டான் நைனா!" என்று ஒருவன் எடுத்துக் கொடுத்தான்.

"என்ர பிழைதான் அண்ணே" என்றேன். நாகப்பன் என்னை விட்டுவிட்டுக் கதிரைப் பார்த்தார். "உன்னப் புடிக்காம சொல்லல தம்பி. பேரு இல்லாதவன் இன்னிக்கு ஒருத்தன் போட்டா, நாளிக்கு எல்லாரும் போடுவான்."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு குடையைப் பார்த்தார். கதிர் அழப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவனோ வலையின் அடியில் மீன் சேரும் பையான மடியைத் தேடி எடுத்து, அதன் கயிற்றை உருவினான். "அண்ணே, மீனு நிக்காத வல போட்டா ஒத்துக்குவீங்களா?"

நாகப்பன் அந்தத் திறந்த வாய்க்குள் கையை விட்டு மறுபக்கம் எடுத்துப் பார்த்தார். "மடி அவுந்தா அது வலயே இல்ல, வெறும் நூலு. போட்டுக்கோ. ஆனா ஒண்ணு, கனமா இழுக்கணும். காத்தாடி நூலு மாதிரி இழுத்தே, உன் படத்த நான் பாக்கமாட்டேன்."

ஒன்றுமில்லாத வலையைக் கதிர் இழுத்தான் பாருங்கள்! கழுத்து நரம்பு புடைத்தது, படகு ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே வந்த மீனெல்லாம் அவிழ்ந்த மடி வழியே வெளியே போய்க்கொண்டே இருந்தது. நாகப்பன் தன்னை மறந்து உடம்பைப் பின்னால் சாய்த்து, "கால ஊணுடா, கால ஊணு!" என்று கத்தினார். இயக்குநர் இன்னொரு தடவை கேட்கவில்லை. குடைக்குக் கீழே இருந்தவன் எண்ணெயைத் துடைக்கத் தொடங்கினான்.

படம் வந்ததும் எல்லோருமாக மீஞ்சூருக்குப் போய்ப் பார்த்தோம். அந்தக் காட்சியில் தோணிரேவுக்காரர்கள் மட்டும், "மடி அவுந்துகிச்சுடா!" என்று கூவிச் சிரித்தார்கள். நாகப்பன் சிரிக்கவில்லை. "கனமாத்தான் இழுக்கிறான்" என்றார்.

அப்போது என் சின்ன மகள் எழுந்து நின்று திரையின் ஓரத்தைக் காட்டினாள். "நைனா, அது நீதானே?" நான்தான். உருவிய கயிற்றை வாங்கித் தொடையளவு தண்ணீரில் நின்றிருக்கிறேன். டச்சுக்காரர் காலத்தில், பூப்போட்ட லுங்கிச் சாரத்தோடு! அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

"படகிலயும் ஏறாம, கரைக்கும் போகாம, இன்னாத்துக்கு நடுவுல நின்னே?"

"சித்தப்பா கூப்பிட்டால் ஓடத்தான்" என்றேன்.

"பொய் சொல்றே. நீ கரையத்தான் பாத்துட்டு நிக்கிறே."

அவள் சொன்னது சரிதான். திரையில் என் உடம்பு படகுப் பக்கம் திரும்பியிருந்தது. முகம் மட்டும், ஒத்துக்கொள்கிறார்களா என்று கரையில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.