சாக்கில் சுற்றிய மட்டை

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸில் அங்கங்கே குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். நான் லா சப்பலில் ஓர் அறையில் நாலைந்து பேரோடு இருந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. நகரத்துக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானத்தின் சமையலறையில் கோப்பை கழுவினேன்.

அங்கே புல் வெட்டும் போர்த்துக்கீசர் ஒருவர், வேலை முடிந்ததும் எனக்கு மட்டை பிடிக்கப் பழக்கினார். இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறைதான். என் கால்களை அகட்டி வைப்பார். பந்தை விட்டுக் கண்ணை எடுத்தால் தலையைப் பிடித்துக் குனிய வைப்பார். இறுக்கிப் பிடித்தால் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். ஒரு நாள் பந்து உண்மையாகவே எழும்பிப் பறந்தது. என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். தன் பழைய இரும்பு மட்டை ஒன்றை எனக்கே தந்துவிட்டார்.

அறையில் உள்ளவர்கள் கண்டால் பகிடி பண்ணிச் சிரிப்பார்களே என்று எனக்குக் கூச்சம். அரிசிச் சாக்கில் அதைச் சுற்றி, கயிற்றால் கட்டி, ரயில் ஏறினேன்.

கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் பொலிஸார் இருவர் மறித்தார்கள். அவர்கள் பார்த்தது என் முகத்தையல்ல, அந்த நீளப் பொதியை. அது எப்படித் தெரிகிறது என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. ஒருவரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. என்னைச் சுவரோடு நிறுத்தினார்கள்.

சாக்கைப் பிரித்த பிறகும் விடவில்லை. எங்கே எடுத்தாய் என்று கேட்டார்கள். திருடன் என்று பிடித்தால் விண்ணப்பம் போச்சு, திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயத்தில் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சும் மறந்துபோனது. வேறு வழி தெரியாமல் கால்களை அகட்டி, தலை குனிந்து, வெறுங்கையை வீசிக் காட்டினேன். சனம் சுற்றி நின்று பார்த்தது.

"என்ன அண்ணை, மாடு கலைக்கிறியளே?"

என் அறைக்காரத் தம்பி. பகிடிக்காரன். யாருக்குப் பயந்து மறைத்தேனோ, அவனேதான். என் முகத்தைக் கண்டதும் அவன் சிரிப்பு நின்றது. முன்னால் வந்து, நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதைப் பிரெஞ்சில் பொறுமையாகச் சொன்னான். பொலிஸார் என் கடதாசிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்கள்.

வெளியே வந்ததும், "சொல்லியிருந்தா நானும் பழகியிருப்பன் எல்லே!" என்றான். அழுகையும் சிரிப்பும் எனக்குச் சேர்ந்தே வந்தன.

இன்றும் அந்த நிலையத்தில் யாரையாவது மறித்து வைத்திருப்பதைக் கண்டால் என் விரல்கள் தாமாக இறுகிவிடுகின்றன. அவற்றைத் தளர்த்த நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.