திசை கேட்டு வந்தவள்

ஒரு பெண்ணின் துக்கத்தை முடியவிடாமல் வைத்திருக்கிறேன் நான். வெறும் பேச்சுத்துணைக்காக! இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆழ்கடல் நீரோட்டங்கள் எந்தத் திசையில் போகும் என்று கணினியில் கணித்துச் சொல்வது என் வேலை. கருவடிக்குப்பத்தில் தனியாகக் குடியிருக்கிறேன். விடுமுறை நாட்களில் என் குரலை நானே கேட்பதில்லை.

பின்தெரு ஸ்டெல்லாவின் கணவர் விசைப்படகில் இன்ஜின் டிரைவர். ஆழ்கடலில் தவறி விழுந்த அவரைத் தேடிப்போன படகுகள் வெறுமையாகத் திரும்பின. மறுநாள் அவள் என் வாசலில் நின்றாள்.

"கடலுக்கு அடியில தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு கம்ப்யூட்டர்ல பாப்பீங்களாமே அக்கா... எங்க வீட்டுக்காரர எங்க தேடுறதுன்னு பாத்து சொல்லுங்கக்கா."

பார்த்தேன். முதல் சில நாட்கள் உண்மையாகவே பார்த்தேன். சொன்ன இடங்களில் தேடினார்கள், கிடைக்கவில்லை. பிறகு என் கணிப்பு சிதறிவிட்டது. எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வங்கக்கடல் முழுவதையும் காட்டியது திரை... அதாவது, பதில் இல்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டும்!

சொல்லவில்லை. ஏன்? சொன்னால் அவள் வரமாட்டாள். மாலையில் யாரோ ஒருவர் வந்து கதவைத் தட்டுவது எத்தனை பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியுமா? டீ போட்டுக் கொடுத்தேன். திரையில் நீலக் கோடுகளைக் காட்டி, "இப்ப தெக்கால திரும்பியிருக்கு" என்றேன். மறுவாரம் வேறொரு திசை. எல்லாம் பொய். அவள் அந்தக் கோடுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

மாதங்கள் கழிந்தன. ஒருநாள் கேட்டாள்: "ஒடம்பு கெடைக்கலன்னாலும் சர்ச்சுல அவருக்கு எறந்தவங்க பூசை வெச்சிடலாம்னு சாமியார் சொல்றாரு. மாமியாரும் அழுவுறாங்க. வெச்சிடட்டுமாக்கா?"

ஒரே ஒரு சொல் போதும். அழுது தீர்த்திருப்பாள். நானோ... "கொஞ்சம் பொறு ஸ்டெல்லா" என்றேன்.

பூசை நின்றது. மாமியார் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

நேற்று, எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று காத்திருந்தேன். குழம்புத் தூக்கோடு வந்தாள். கத்தரிக்காய்க் குழம்பு. மீன் சமைப்பதை அவள் விட்டுவிட்டாள்.

"தவளக்குப்பத்துல தன் வூட்டோட வந்துடச் சொல்றான்க்கா என் தம்பி. மாட்டேன்னுட்டேன். அவரப் பத்தி ஏதாவது தெரிஞ்சா, நீங்க யாருகிட்ட வந்து சொல்லுவீங்க?"

வாயைத் திறந்தேன். திறந்தேன்தான்... பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தேன்.