பொம்பளைக் கட்டு

முத்துராணிக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். அன்றைக்கு நெல்லை டவுனில் நமச்சிவாயம் அண்ணாச்சி கடையிலிருந்து அவள் வாயை இறுக மூடிக்கொண்டு இறங்கி வந்ததை அவள் புருஷன் பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்கு வெளியூர் போயிருப்பான். அவனோ தச்சநல்லூர் வீட்டில் காய்ச்சலோடு போர்த்திப் படுத்திருந்தான். அதனால்தான் சீவாளி வாங்க அவள் முதல் தடவையாகத் தனியே போனாள்.

சீவாளி என்பது நாயனத்தின் நாக்கு. கொறுக்கை என்கிற நாணல் தட்டையை ஊறவைத்து, வாய்ப்பக்கத்தை நசுக்கிப் பரத்தி, அடிப்பக்கத்தை நூலால் சுற்றிக் கட்டுவார்கள். அது சரியில்லை என்றால் நாயனம் வெறும் மரக்குழாய்.

முத்துராணியும் அவள் புருஷன் செந்தூர்பாண்டியும் நையாண்டி மேளத்தில் நாயனம் வாசிப்பவர்கள். கல்யாணத்துக்கு அப்புறம் அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அவன் முதல் நாயனம், அவள் இரண்டாவது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். அவள் மேல் ஸ்தாயிக்குப் போனால் சுருதி இறங்கிவிடும். "அவளுக்கு மூச்சு கம்மி" என்று அவன் எல்லாரிடமும் சொல்லுவான். பரிதாபப்பட்டே சொல்லுவான். அவளும் நம்பினாள். மூச்சு கூடட்டும் என்று சுக்குக் கஷாயம் குடித்தாள். விடியக்காலம் ஆற்றங்கரையோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஐஸ் தின்னும் ஆசையைக்கூட விட்டாள்.

கடையில் அண்ணாச்சி இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். "இது ஒம் மாப்பிள்ளைக்கு. இதுல பொம்பளைக் கட்டு இருக்கு, ஒனக்கு வேணுங்கறத எடுத்துக்கோ தாயி."

"பொம்பளைக் கட்டா? அப்படீன்னா?"

"இளக்கமா கட்டினது. பொம்பளையாளுக்கு மூச்சு காணாது, ரெண்டு சுத்து கொறச்சுக் கட்டுங்கன்னு அவருதான் சொல்லி வாங்குவாரு." அவர் வஞ்சகமில்லாமல்தான் சொன்னார். பார்வைக்கு இரண்டு டப்பாவிலும் இருந்தவை ஒன்றுபோலவே இருந்தன.

"எனக்கும் அவுக டப்பாவுல இருந்தே தாங்க."

"அது ஒனக்கு ஊதாதும்மா. நாளைக்கு அவரு வந்து என்னைச் சத்தம் போடுவாரு."

"அப்ப கட்டாத தட்டையும் நூலும் தாங்க. நானே கட்டிக்கிடுதேன்."

அண்ணாச்சி சிரித்தார். ஆனாலும் கொடுத்தார். அந்தச் சிரிப்பும் கணக்கில் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்ததும் தன் பழைய சீவாளி ஒன்றின் நூலைப் பிரித்தாள். ஆறு சுற்று. புருஷனுடையதைப் பிரித்தாள். பதினொன்று. இரண்டு சுற்று குறைவாம்! ஆறு சுற்றில் காற்று கசியாமல் என்ன செய்யும்? பன்னிரண்டு வருஷம் ஓட்டைக் குழாயில் ஊதவிட்டு, நெஞ்சில் பலமில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. அதை அவனுக்கே ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. அவன் முன்னால் அழ அவளுக்கு இஷ்டமில்லை.

மறுநாளே கட்ட உட்கார்ந்தாள். முதல் தட்டை ஊறாமல் கட்டியதில் கீறிக்கொண்டு போனது. அடுத்ததை இரவெல்லாம் ஊறப்போட்டதில் கூழாகி, காய்ந்தபின் நூல் தானே கழன்று விழுந்தது. அப்புறம் பதம் பிடிபட்டது, ஆனால் கோபம் கையில் இறங்கிவிட்டது. செந்தூர்பாண்டியின் கழுத்து என்று நினைத்து இழுப்பாள், தட்டை படக்கென்று பிளந்துவிடும். ஒன்பது தட்டை அப்படிப் போயின.

காய்ச்சல் விட்டு எழுந்தவன் வாசலில் நின்று பார்த்தான். "கடையில விக்கும்போது இது எதுக்குட்டி? பீடி சுத்துன கைக்கு இதெல்லாம் வராது."

அவள் நூலைக் கீழே வைத்தாள். பீடி சுற்றிய கைதான். முக்கூடலில் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி கட்டிய கை. பீடியை இளக்கிக் கட்டினால் தூள் கொட்டும், கழிவில் எறிந்துவிடுவார்கள். இறுக்கிக் கட்டினால் புகை வராது, அதுவும் கழிவுதான். எவ்வளவு இறுக்கம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. விரலுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அவன் நகர்ந்ததும் சுளகை மடியில் வைத்துக்கொண்டாள், பீடிக்கு உட்காருவதுபோலவே. தட்டையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு கட்டினாள். பதினொரு சுற்று. ஊதினாள். மேல் ஸ்தாயியில் போய்ச் சத்தம் அசையாமல் நின்றது. அவள் மூச்சுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் அழுதாள், ஆத்திரத்தில்.

சித்திரையில் முக்கூடல் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவர்கள் மேளம்தான். பிறந்த ஊரில் அம்மன் இறங்கும் நேரத்தில் முதல் நாயனம் வாசிக்க வேண்டும் என்பது அவளுடைய பழைய ஆசை. போன வருஷம் கோயில் தலைவர் வன்னியராஜ் அவளைக் கேட்டபோது "அவளுக்கு மூச்சு கம்மி அண்ணாச்சி" என்று இவன் முந்திக்கொண்டான். இந்த வருஷம் அவளே அவருக்குப் போன் போட்டாள்.

"மதியக் கொடைக்கு நாந்தான் முதல் நாயனம் மாமா. அவுக ரெண்டாவது."

ஊர்ப்பிள்ளை கேட்கிறாள் என்று தலைவருக்குச் சந்தோஷம். விஷயம் தெரிந்ததும் செந்தூர்பாண்டி உதட்டைப் பிதுக்கினான். "ஒன் இஷ்டம். அங்கன வந்து என்னைக் குறை சொல்லக் கூடாது."

கொடையன்று காலையில் இரண்டு பேர் சீவாளியையும் நனைத்து நாயனத்தில் மாட்டியதும், மாற்றுச் சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டதும் முத்துராணிதான். அது எப்போதும் அவள் வேலை.

உச்சி வெயிலில் மேளம் எடுத்தது. அம்மன் வந்து இறங்கும் கோமரத்தாடி ஆடத் தொடங்கினார். முத்துராணி மேல் ஸ்தாயிக்கு ஏறினாள், ஏறிய இடத்தில் நின்றாள். கூட்டம் குலவையிட்டது. பின்னால் செந்தூர்பாண்டி கன்னம் புடைக்க ஊதியும் அவன் சுருதி சரிந்துகொண்டே வந்தது. நாயனத்தில் தொங்கிய மாற்றுச் சீவாளியை அவசரமாக மாட்டினான். அதுவும் சரிந்தது.

"என்னவே செந்தூர்பாண்டி," என்றார் வன்னியராஜ், அக்கறையாக. "மூச்சு கம்மியாயிட்டோ?"

பந்தியில் அவன் சோற்றைத் தொடவில்லை. அவள் பக்கமாகக் குனிந்தான். "சீவாளியில என்னட்டி செஞ்ச?"

முத்துராணி சாம்பாரை வாங்கிச் சோற்றைப் பிசைந்தாள். "ஒண்ணும் செய்யலை. பன்னிரண்டு வருசமா எனக்குன்னு நீங்க சொல்லி வாங்குனதுதான் அது."