அப்பாவை எழுதாத படிவம்

வீடுவீடாக ஆட்களை எண்ணும் குடிசன மதிப்புக்கு வந்த பள்ளிக்கூட மாஸ்டர் எங்கள் கதவில் சோக்குக்கட்டியால் ஓர் இலக்கம் எழுதியபோது எனக்கு எட்டு வயது. சாவகச்சேரிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்குத் தூரத்தில், தெற்கே மாத்தறையில் சுருட்டுக்கடை. வருஷத்தில் இரண்டு தடவை வருவார். வகுப்பில் முதலாம் பிள்ளை என்ற மிதப்பில், மாஸ்டர் கேட்டதற்கெல்லாம் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

வீட்டுத் தலைவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் அம்மா முந்திவிட்டார்.

"அவர்தான்."

"அவர் மாத்தறையிலை எல்லே, தங்கச்சி. அவரை அங்கை எழுதுவினம். இஞ்சை உம்மைத்தான் போடவேணும்."

அம்மாவின் முகம் கறுத்தது. புருஷன் செத்த வீட்டில்தான் பெண்சாதியின் பெயர் முதல் வரியில் வரும் என்பது அவருடைய எண்ணம்.

"இஞ்சையும் ஒருக்கா எழுதிவிடுங்கோ, மாஸ்டர். வீடு வளவு, பிள்ளையள், எல்லாம் இஞ்சைதானே."

"ஒரு ஆளை ரெண்டு வீட்டிலை எழுத ஏலாது, தங்கச்சி," என்று சிரித்தபடி மாஸ்டர் அம்மாவின் பெயரையே எழுதினார். அன்று பின்னேரமே அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போய், அப்பாவின் ஆயுளுக்காகத் தேங்காய் உடைத்தார்.

சித்திரை வருஷப்பிறப்புக்கு அப்பா வந்தார். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் நான் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

"அப்பா, எங்கடை வீட்டிலை மூண்டு பேர். அம்மா, நான், தம்பி. அங்கை எத்தினை பேர் எண்டு எழுதினவை?"

"நாலு," என்றார் அப்பா, முருங்கைக்காயைச் சூப்பியபடி.

"நீங்களும் கடைப்பொடியனும் ரெண்டு. மற்ற ரெண்டு பேரும் ஆர்?"

பிழை பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. அப்பாவின் கை சோற்றுக் கோப்பையில் அப்படியே நின்றது. சொதி விடக் குனிந்த அம்மாவின் அகப்பையும் நின்றது. மற்ற இரண்டு பேரும் ஒரு பெண்ணும் அவளுடைய பிள்ளையும் என்பது அம்மாவுக்கு விளங்கிவிட்டது; ஆனால் அவர் கேட்டது அந்தப் பெண்ணைப் பற்றியல்ல.

"பிள்ளை பெடியனோ, பெட்டையோ?"

"பெட்டை," என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல்.

"எத்தினை வயசு?"

"எட்டு."

அம்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டு அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார்.

எனக்கோ மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. எங்கள் ஒழுங்கையில் என் வயதில் ஒரு பெட்டையும் இல்லை. அடுத்தமுறை அவளையும் கூட்டிவாருங்கள் என்று அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். பிறகு அம்மாவிடம் போய், நீங்களும் சொல்லுங்கோ என்று கெஞ்சினேன்.

அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவளுக்குக் கொடுக்க என் கண்ணாடி வளையல்களில் நல்லதாக நாலைத் தெரிந்தெடுத்து வைத்தேன்.