முடிச்சுக்கு இப்பால்

தையல் மெஷின் எண்ணெய் மணக்கும் வெள்ளை நூலை நாக்கில் தொட்டு ஈரமாக்கினால் வாயில் மெல்லிய துருச் சுவை ஏறும். ஓகஸ்ட் விடுமுறை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சுவைதான். ஈரமான நூல் காகிதத்தில் நழுவாமல் ஒட்டி நிற்கும் என்பதற்காக அம்மா அதை நனைத்துத் தரச் சொல்வார். நான் நனைத்து, அம்மா துணி வெட்டித் தைக்கும் வெட்டுமேசையில் விரித்திருக்கும் இலங்கைப் படத்தில் திருகோணமலையின் மேல் ஒரு நுனியை வைத்துப் பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொள்வேன். அந்தப் படம் துறைமுக அலுவலகமான 'கந்தோரில்' கழித்துப் போட்டது. துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்த அப்பா அதைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திருகோணமலை அன்புவழிபுரத்திலிருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று தீர்மானிப்பதற்கு எங்கள் வீட்டில் இரண்டு கருவிகள் இருந்தன. தூரத்துக்கு அம்மாவின் நூல், காலநிலைக்கு அப்பாவின் மூக்கு.

மற்றப் பிள்ளைகளுக்கு விடுமுறை சந்தோசமாகத் தொடங்கிச் சந்தோசமாக முடிந்திருக்கும். எங்களுக்கு அது பயத்தோடுதான் தொடங்கும். என் தங்கச்சி அனிற்றாவுக்குப் பிறந்த நாள் முதல் 'தொய்வு' என்று நாங்கள் சொல்லும் இழுப்பு நோய். பொழுது சாயும் நேரம் அவளுடைய நெஞ்சுக்குள் விசில் அடிப்பது கேட்கத் தொடங்கும். ஆடி, ஆவணியில் தென்மேற்கிலிருந்து தரைவழியாகக் கொதித்துக்கொண்டு வரும் 'கச்சான்' காற்று ஊர்ப் புழுதியையெல்லாம் வாரி வீட்டுக்குள் கொட்டும்போது அந்த விசில் பகலிலும் கேட்கும். கிளினிக்கில் பார்த்த டொக்டர், "புழுதியில்லாத, குளிரான இடத்தில ஒரு கிழமையெண்டாலும் பிள்ளையை வச்சுப் பாருங்கோ" என்று சொல்லியிருந்தார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் அது மூன்று வருடக் கதையாகிவிட்டது.

கிட்ட இருந்த ஊரெல்லாம் எங்கள் ஊரைப்போலவே கொதித்தது. குளிர்ந்த ஊரெல்லாம் எட்ட இருந்தது. வடக்கே போனால் வெயில் இன்னும் கூட. மட்டக்களப்புப் பக்கம் போவதென்றால் கிண்ணியாவில் தொடங்கிப் 'பாதை' ஏறி ஏறிக் கடக்கவேண்டும் (ஆறும் களப்பும் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்). கடந்துபோனாலும் அங்கேயும் அதே கச்சான்தான். மிஞ்சியது மலைநாடு மட்டும். அங்கே போவதற்குத்தான் அம்மாவின் நூலில் ஒரு முடிச்சு தடையாக இருந்தது.

அந்த முடிச்சை அம்மா சும்மா போடவில்லை. ஒருமுறை தங்கச்சியைக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விடியற்காலை முதல் பஸ் ஏறி மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா திருகோணமலையிலிருந்து கண்டிவரை படத்தில் நூலை வைத்து அளந்தார். மத்தியானத்துக்கும் நாலு மணிக்கும் இடையில் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று யோசித்து, பஸ் மாறுகிற நேரத்தையும் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறுகிற நேரத்தையும் கழித்து, பயந்து பயந்து இன்னும் மூன்றிலொரு பங்கு நூலைக் கூட்டி அந்த இடத்தில் முடிச்சுப் போட்டார். "நாலு மணிக்குள்ள பிள்ளை ஒரு கூரைக்குக் கீழ இருக்கவேணும். அதுக்கு அங்கால எந்தச் சொர்க்கமெண்டாலும் எனக்கு வேண்டாம்" என்பார். அம்மாவின் சொல்லில் எங்கள் வீட்டில் ஒருவரும் கைவைக்கமாட்டோம்.

போர் கொஞ்சம் ஓய்ந்து, பஸ்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கிய ஓர் ஓகஸ்ட். எனக்குப் பத்து வயது, அனிற்றாவுக்கு ஆறு. படம் மறுபடியும் வெட்டுமேசைக்கு வந்தது. முதலில் பண்டாரவளை. "காய்ஞ்ச குளிர், பிள்ளைக்கு நல்லது" என்று யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். நூல் முடிச்சைத் தாண்டி மூன்று விரற்கடை தூரம் ஓடியது. அம்மா தலையை ஆட்டி அதை எடுத்துவிட்டார். அடுத்தது ஹற்றன். அப்பாவோடு படகில் வேலை செய்த ராமையா மாமாவின் அண்ணன் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்தார், வீட்டில் ஓர் அறை தருவதாகவும் சொல்லியிருந்தார். கண்டிவரை அம்மாவே நூலை வளைத்து வைத்தார். அதற்கு மேலே கோடு புழுவைப்போல நெளிந்து நெளிந்து போனது. அம்மாவின் கண்ணுக்கு அது பிடிபடவில்லை. "நீ பிடி பிள்ளை, உனக்குத்தான் கண் நல்லம்" என்று என்னிடம் விட்டார்.

வகுப்பில் ஒருத்தி நுவரெலியா போய்வந்து, வாயைத் திறந்தால் பீடி குடிக்கிற ஆளைப்போலப் புகை வரும் என்று ஒரு பள்ளித் தவணை முழுவதும் அளந்துகொண்டிருந்தாள். எனக்கும் அந்தப் புகை வேண்டும். அந்தக் கோட்டின் ஒவ்வொரு நெளிவிலும் நூலை அமத்தி வைத்தால் முடிச்சு ஹற்றனுக்கு இப்பாலேயே வந்துவிடும் என்று வைக்கும்போதே தெரிந்தது. நான் நூலை நேரே இழுத்துப் பிடித்தேன். முடிச்சு ஹற்றனைத் தாண்டி ஒரு விரற்கடை அங்கால் போய் விழுந்தது. அதில் பெரிய பொய் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; எங்கள் ஊரிலிருந்து ஹபரணைவரை காட்டுக்குள்ளால் நேரே போகும் றோட்டைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஒரு வளைவு எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்று எப்படித் தெரியும்? அம்மா முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு, "சரி, போவம்" என்றார். அவர் 'போவம்' என்று சொல்லி நான் கேட்ட முதல் தடவை அது.

தூரம் முடிந்தது, இனிக் காலநிலை. அப்பா முற்றத்தில் நின்று கொடியில் கிடந்த சேலை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். "கச்சான் இப்பிடி அடிக்கேக்கை மழை எங்கையிருந்து வரும்? இஞ்ச ஒரு துளியும் இல்லை, அங்கையும் இருக்காது" என்றார். அம்மா ஏதோ கேட்கப் போக, "இருவது வருசம் கடலில நிண்டவனுக்குக் காத்துப் படிப்பிக்காதையும்" என்று சிரித்தார். அதே காற்றுத்தான் மலையின் அந்தப் பக்கத்தில் தன்னிடமிருந்த தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு வெக்கையாக எங்களிடம் வருகிறது என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ராமையா மாமாவின் அண்ணன் எழுதிய கடிதத்தில் கடைசி வரியாக, 'குடை மறக்காமல் கொண்டுவரவும்' என்று இருந்தது. ஓகஸ்டில் திருகோணமலையில் குடை பிடிப்பது வெயிலுக்கு. "மலையில வெயில் கிட்டவெல்லே" என்றார் அப்பா. அம்மா தன்னுடைய பூப்போட்ட வெயில் குடை இரண்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

போகும் நாள் விடிய, எங்கள் ஊர்த் தெருவில் திரியும் மான்கள் இன்னும் எழும்பாமல் படுத்துக் கிடந்த பஸ் நிலையத்தில் ஏறினோம். சாவடிகளில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபடி ஏறினோம். ஒவ்வொரு தடவையும் அம்மா முதலில் தங்கச்சியின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். கண்டியில் இறங்கும்போது மத்தியானம் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருந்தது. அப்பா வெற்றி பெற்றவர்போல எல்லோருக்கும் வடை வாங்கித் தந்தார். அந்த வடையின் ருசி முடியுமுன்னே வளைவுகள் தொடங்கின.

முன்னால் தெரிந்த மலை பின்னால் போனது, பின்னால் போன மலை மறுபடி முன்னால் வந்தது. பஸ் போய்க்கொண்டே இருந்தது, ஆனால் எங்கேயும் போய்ச் சேரவில்லை. முதல் துளி கண்ணாடியில் விழுந்தபோது அப்பா, "இது பனி" என்றார். இரண்டாவது துளிக்கு அவர் கண்ணாடியைத் துடைத்து வானத்தைப் பார்த்தார். பிறகு பெய்தது மழையே இல்லை, யாரோ மேலேயிருந்து வாளி வாளியாகச் சரித்தது. யன்னல்களை அடைத்தார்கள், ஈரத் துணியும் வாந்தியும் டீசலும் சேர்ந்து மணத்தன. அனிற்றா அம்மாவின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தால் என்ன வரப்போகிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அம்மாவின் மணிக்கூட்டில் மூன்றரை. அப்போது பஸ் நின்றது. முன்னால் மண் சரிந்து றோட்டை மூடிவிட்டது என்றார் கொண்டக்டர்.

விசில் கேட்கத் தொடங்கியது. விழுங்கக் குளிசை கொடுத்தார்கள், அது வேலை செய்ய நேரம் எடுக்கும். அப்பா பூக்குடையை விரித்துக்கொண்டு வெளியில் குதித்தார். அது ஒரே காற்றில் மறுபக்கம் திரும்பி, கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. அதைக் கையில் பிடித்தபடி, நனைந்துகொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் றோட்டில் நின்ற அப்பாவை யன்னலுக்குள்ளால் பார்த்தேன். புயலுக்குள்ளும் படகை எடுத்துக்கொண்டு போன மனிதர். அவருடைய முகத்தில் பயத்தைக் கண்டது அன்றைக்குத்தான். அனிற்றாவின் உதடு ஊதா நிறமாகிக்கொண்டு வந்தது. அம்மா, "அந்தோனியாரே, அந்தோனியாரே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் நூலை நினைத்தேன். சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்போது என் வாயிலிருந்து புகை வந்தது.

வெள்ளையாக, மெல்லியதாக, வகுப்பில் அவள் சொன்ன அதே புகை. பக்கத்தில் என் தங்கச்சி ஒரு வாய்க் காற்றுக்காகத் தோள் இரண்டையும் உயர்த்தி உயர்த்தி இழுத்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் மூச்சு விடாமல் இருந்தால் அது அவளுக்குப் போய்ச் சேரும் என்று அந்த நேரத்தில் உண்மையாகவே நம்பினேன்.

பின் சீட்டிலிருந்த ஒரு பெண் எழும்பி வந்தாள். தோட்டத்தில் வேலை செய்பவள், தலையில் கோணிச் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். "இந்த மண்ண அள்ளப் பொழுது போயிரும்மா. கீழ எங்க தோட்டத்து டிஸ்பென்சரி இருக்கு. புள்ளையத் தூக்கிக்கிட்டு வாங்க, நான் முன்னுக்குப் போறேன்" என்று தன் சாக்கை எடுத்து அனிற்றாவின் தலையில் கவிழ்த்தாள். அப்பா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே வழுக்கும் படிகளில் நாங்கள் இறங்கினோம், அம்மா இரண்டு தரம் விழுந்தார். அந்தச் சின்னக் கட்டடத்தில் இருந்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஊசி போட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த விசில் மெல்ல மெல்ல இறங்கி, அவள், "அம்மா, பசிக்குது" என்றபோது அப்பா சுவரோடு சாய்ந்து தரையில் இருந்துவிட்டார். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாக்கை வாங்கிக்கொண்டு அவள் மழைக்குள் போய்விட்டாள்.

மண்ணை அள்ளி றோட்டைத் திறந்த பிறகு ஹற்றனுக்குப் போய், ராமையா மாமாவின் அண்ணன் வீட்டில் மூன்று நாள் யன்னலைத் திறக்காமல் இருந்துவிட்டுத் திரும்பினோம். அம்மா படத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் விடுமுறை பக்கத்திலிருந்த நிலாவெளிக் கடற்கரையைத் தாண்டவில்லை. கேட்டால், "அடுத்த வருசம் பாப்பம்" என்பார். அந்த ஏலாமைக்குக் காரணம் நான்தான் என்று தெரிந்தும், ஒவ்வொரு ஓகஸ்டிலும் வாயைப் பொத்திக்கொண்டே வளர்ந்தேன்.

இன்று அப்பா இல்லை. படத்தைக் கறையான் தின்றுவிட்டது. சாவடிகள் போய்விட்டன, கிண்ணியாவில் பாதைக்குப் பதில் பாலம் இருக்கிறது, ஹபரணை றோட்டில் பஸ்கள் கண்மூடித் திறக்குமுன் பறக்கின்றன. அனிற்றா கொழும்பில் வேலை செய்கிறாள்; கைப்பையில் மருந்தை மூச்சோடு இழுக்கும் 'பம்ப்' ஒன்று இருக்கிறது, அந்த நாளைப் பற்றிக் கேட்டால் வடை மட்டும்தான் ஞாபகம் என்று சிரிக்கிறாள். ஆனால் அந்த விசில் இப்போது என் மகளின் நெஞ்சுக்குள் வந்திருக்கிறது. அதை முதலில் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

இந்த ஓகஸ்டில், கச்சான் புழுதிக்குப் பயந்து, போனில் ஊர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஹற்றனுக்கு நேரே ஏழு நாளும் மழைப் படம். பண்டாரவளைக்கு வெயில் படம், ஆனால் தூரம் கூட. கண்டியில் ஒரு நாள் தங்கிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில், மெஷினில் பேத்தியின் சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார் அம்மா. எப்படி வாயில் வந்தது என்று தெரியாது, சொல்லிவிட்டேன். அன்றைக்கு நூலை நான்தான் நேரே இழுத்தேன் என்றேன்.

அம்மா மெஷினை நிற்பாட்டவில்லை. "தெரியும்" என்றார். "தைக்கிறவளுக்கு நூல் இழுபடுறது தெரியாதோ?"

"அப்ப ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

மெஷின் நின்றது. "எனக்கும் ஒருக்காப் போகோணும் போல இருந்தது பிள்ளை" என்றார். "அதுக்குப் பிறகு உங்களைக் கூட்டிக்கொண்டு எங்கையும் போக எனக்கு என்னிலையே பயம்."

அந்த நாளை நான் ஒருத்தியே சுமக்கிறேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஒரே வீட்டில், ஒரே மேசைக்கு இரண்டு பக்கத்திலும் இருந்து, இரண்டு பேரும் அதைச் சுமந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் கையிலிருந்த போனை வாங்கி, கண்டிக்கு மேலே நெளிந்து போகும் நீலக் கோட்டைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது வளைவெல்லாம் சேர்த்தோ சொல்லுது?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா, சேர்த்துத்தான்."

"அப்ப நானும் வாறன்" என்றார். "ஆனால் நாலு மணிக்குள்ள பிள்ளை ஒரு கூரைக்குக் கீழ இருக்கவேணும்."